ஒட்டகம் தண்ணீர் குடித்த கதை

என் நாத்தனாருக்கு டெப்போவில் வைத்திருக்கும் பெயர் ஒட்டகம். கேலி இல்லை, பாராட்டுத்தான் என்று அவள் அடித்துச் சொல்வாள். வெளியூர் பஸ்ஸில் கண்டக்டர் வேலை. விடியும்போது ஏறினால் பொழுது சாய்கிற நேரத்தில்தான் வீடு திரும்புவாள். அந்தத் தடத்தில் பெண்கள் நம்பிப் போகிற மாதிரி ஒரே ஒரு கழிப்பறை, பாதி வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் இருக்கிறது. அங்கே பஸ் நிற்காது. அதனால் அவள் தண்ணீர் குடிப்பதில்லை. குடிக்காமல் இருந்து இருந்து, தாகமும் சலித்துப்போய் அவளிடம் வருவதை நிறுத்திக்கொண்டது. வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால்கூட அவளுக்கு வைத்த டம்ளர் வைத்தபடியே இருக்கும். நான் எடுத்துப்போய் ஜன்னலோரச் செடிக்கு ஊற்றுவேன். செடி அமோகமாக வளர்ந்தது.

அவள் கழுத்தில் ஒரு விசில் தொங்கும். ஒரு தடவை ஊதினால் வண்டி நிற்கும், இரண்டு தடவை ஊதினால் கிளம்பும். குழந்தை வாந்தி எடுத்தால் நிறுத்துவாள். ஆண்கள் யாராவது பக்கத்தில் வந்து, "கொஞ்சம் ஓரமா நிறுத்துங்களேன்" என்று நெளிந்தால் நிறுத்துவாள். அவர்களுக்கென்ன, ஒரு மரம் போதும். தனக்காக மட்டும் ஒரு நாளும் ஊதியதில்லை. ஏன்டி என்று கேட்டால், "டியூட்டியில இருக்கிறவ எப்படி அண்ணி நிறுத்துவேன்?" என்று என்னையே திருப்பிக் கேட்பாள்.

டெப்போவில் பெண் கண்டக்டர்கள் விரல் விட்டு எண்ணும்படி இருந்தார்கள். அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. மாதவிலக்கு வந்தவள் வெளியூர் பஸ்ஸில் ஏற வேண்டாம். டவுன் பஸ் ஓட்டத்தில் இருப்பவளோடு டியூட்டியை மாற்றிக்கொள்ளலாம். டவுன் பஸ் என்றால் அரை மணிக்கொரு தரம் பஸ் நிலையத்துக்கு வரும், கழிப்பறை இருக்கும். இன்றைக்கு நீ எனக்கு, நாளைக்கு நான் உனக்கு. யோசித்துப் பார்த்தால் நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒட்டகத்துக்கு அது மாதாமாதம் வராது. இரண்டு மாதம், மூன்று மாதம் கழித்து மனமிருந்தால் எட்டிப் பார்க்கும். ஆகவே ஊரார் டியூட்டி எல்லாம் இவள் தலையில் விழுந்தது. திருப்பிக் கேட்க இவளுக்கு நாள் வந்தால்தானே?

"கொடுத்து வச்சவடி நீ" என்று சொல்லிச் சொல்லியே அவர்கள் டவுன் பஸ்ஸில் ஏறிக்கொள்வார்கள். இவள் அதை வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொல்வாள்.

"எல்லாரும் மாசாமாசம் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்றாங்க அண்ணி. எனக்கு அந்தத் தொல்லையே இல்ல."

என் மாமியார் அதைக் கேட்டுப் பூரித்துப் போவார். "என் மக ஒரு நாள் லீவு போட்டதில்ல" என்பது அவர் வாயில் பாட்டு மாதிரி.

"வர வேண்டியது வரணும்டி. வராம இருந்தா அதுக்கு ஒரு காரணம் இருக்கும்" என்று நான் சொன்னால், "உங்களுக்குப் பொறாமை அண்ணி" என்பாள். பொறாமையாம்! வீட்டில் உட்கார்ந்து ஜாக்கெட் தைக்கிறவளுக்கு இவள் ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டு காய்ந்து போவதைப் பார்த்துப் பொறாமை.

அது மட்டும் என்றாலும் பரவாயில்லை. முப்பதை நெருங்குகிற வயதில் நெற்றியெல்லாம் பரு. முகவாயில் முடி முளைத்து, வாரத்துக்கு ஒரு தரம் என் தையல் பெட்டியிலிருந்த நூலை எடுத்துப் பிடுங்கிக்கொண்டாள். தலை வாரினால் சீப்பில் கொத்தாக வந்தது. அரை வயிற்றுக்குச் சாப்பிட்டும் யூனிபாரத்தை நான் இரண்டு முறை பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வைத்தியர் கிடைத்தார். தோல் டாக்டர் கழுத்துக்கு மேலே மட்டும் பார்த்துவிட்டு க்ரீம் கொடுத்தார். தெருமுனை டாக்டர் நாற்காலியிலிருந்து எழாமலே, "எடையைக் குறைங்க" என்றார். மருந்துக்கடைக்காரர் டாக்டரே வேண்டாம் என்று மாத்திரையைக் கிள்ளிக் கொடுத்தார். அதைத் தின்றால் ஒரு தடவை வரும், பிறகு பழையபடி. என் மாமியார் எல்லோருக்கும் மேலே போய், "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்" என்று தீர்ப்புச் சொன்னார். குருடர்கள் யானையைத் தடவிய கதைதான். இங்கே யானைக்குப் பதில் ஒட்டகம், அவ்வளவுதான் வித்தியாசம்.

கடைசியில் ஒரு நாள், அரை வருஷமாக எட்டிப் பார்க்காதது மொத்தமாகச் சேர்த்து வைத்துக்கொண்டு ஓடுகிற பஸ்ஸில் வந்து இறங்கியது. நின்றுகொண்டே டிக்கெட் கொடுத்து முடித்து, பிறகு தன் சீட்டில் உட்கார்ந்தவள் கடைசி நிறுத்தம்வரை எழுந்திருக்கவில்லை. எல்லோரும் இறங்கிய பிறகு, டிரைவர் ஒன்றும் கேட்காமல் தன் துண்டை எடுத்து நீட்டிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டாராம். அந்தத் துண்டைச் சுற்றிக்கொண்டு அவள் வீட்டு வாசலில் வந்து நின்றபோது உதடெல்லாம் வெளுத்திருந்தது.

வந்தது நிற்கவுமில்லை. ஒரு வாரம் போயிற்று, இன்னொரு வாரமும் போயிற்று. அந்த நிலையிலும் பட்டியலில் வெளியூர் பஸ்தான். டியூட்டி போடுகிற கிளார்க்கிடம் போய் டவுன் பஸ் கேட்டாள்.

"உடம்புக்கு என்ன?" என்றார் அவர்.

"சரியில்ல சார்."

"சரியில்லைன்னா எப்படி? என்ன நோய்? அதுக்கு ஒரு பேர் இருக்கும்ல? டாக்டர் கிட்ட பேரை எழுதி வாங்கிட்டு வாங்க, மாத்தித் தர்றேன். பேர் இல்லாம ஆளாளுக்கு வந்து நின்னா நான் யாரை அனுப்பறது?"

"இத்தனை வருஷம் மாத்திக்கிட்டாளுங்களே, அவளுங்க எங்கே?" என்று நான் வீட்டில் கத்தினேன்.

"மூணு நாளு, நாலு நாளுன்னா மாத்திக்கலாம் அண்ணி. எத்தனை நாளைக்குன்னு கேக்கிறாங்க. நான் என்னன்னு சொல்வேன்?" துவைத்த யூனிபாரத்தை மடித்துக்கொண்டே சொன்னாள். "எனக்கு ஒரு பேர் வேணும். பேர் இல்லாத நோய்க்கு டெப்போவுல மரியாதை கிடையாது."

அடுத்த நாள் அவளை இழுத்துக்கொண்டு மகப்பேறு மருத்துவமனைக்குப் போனேன். வேண்டாம் என்று சொல்லியும் என் மாமியார் கூடவே கிளம்பினார்.

அங்கிருந்த டாக்டரம்மா பார்ப்பதற்குக் களைத்த முகம். ஆனால் கேட்டார், எல்லாவற்றையும் கேட்டார். கடைசியாக எப்போது வந்தது, அதற்கு முன்னால் எப்போது, பரு எத்தனை வருஷமாக, முகத்தில் முடி எங்கெங்கே, அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா என்று ஒரே மூச்சில் கேட்டுக்கொண்டே போனார். ஒட்டகம் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"முகத்துல இருக்கிற முடிக்கும் இதுக்கும் என்ன டாக்டர் சம்பந்தம்?"

"இருக்கலாம்மா. தனித்தனி ஆளுன்னு நீங்க நினைச்சதெல்லாம் ஒரே குடும்பமா இருக்கலாம். பார்த்துடுவோம்."

எனக்கு அவரை அங்கேயே கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. ஆனால் அவர் எழுதிக் கொடுத்த ரத்தப் பரிசோதனைகளில் கர்ப்பமா இல்லையா என்பதும் ஒன்று. அதைக் கேட்டதும் என் மாமியார் குதித்தார்.

"கல்யாணமே ஆகாத பொண்ணுக்கு இதை எதுக்கும்மா எழுதறீங்க?"

"மாதவிலக்குல கோளாறுன்னு வர்ற எல்லாருக்கும் எழுதறதுதான்மா. எனக்கு வந்தாலும் எழுதுவேன்."

"அம்மா, நீ வெளியே போய் உட்காரு" என்றாள் ஒட்டகம். அவள் தன் அம்மாவிடம் அப்படிப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ரத்தம் எடுப்பதற்குள் என் பாதி உயிர் போயிற்று. வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள். லீவு சொல்ல டெப்போ வழியாக வந்தவளுக்கு டிரைவர் டீ வாங்கிக் கொடுத்தாராம், மறுத்தால் என்ன நினைப்பார் என்று குடித்துவிட்டு வந்தாள். வருஷக்கணக்காக ஒரு வாய் தண்ணீர் குடிக்காத மகராசி, குடிக்கக் கூடாது என்று சொன்ன நாளில் டீ குடித்துவிட்டு வந்து நிற்கிறாள்! லேப்பில் திருப்பி அனுப்பினார்கள். நான் பஸ் நிலையம் வரை வாயை மூடாமல் திட்டிக்கொண்டே வந்தேன். மறுநாள் என் கண் முன்னாலேயே அவளைப் பூட்டிவைக்காத குறையாக வைத்திருந்து அழைத்துப் போனேன். ரத்தம் கொடுத்த பிறகு, உதிரம் நிற்கவும் ரத்தம் ஊறவும் டாக்டரம்மா மாத்திரைகள் தந்தார். பாக்கி இருந்தது ஸ்கேன்.

ஸ்கேன் எடுக்குமிடத்தில் பெஞ்சு நிறையப் பெண்கள், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலோடு. சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால்தான் படம் தெளிவாக விழுமாம். "தண்ணி குடிச்சுக்கிட்டே இருங்க. அவசரமா வந்தா சொல்லுங்க, உடனே கூப்பிடறேன்" என்றாள் நர்ஸ். குடித்தவர்கள் கொஞ்ச நேரத்தில் நெளிய ஆரம்பித்தார்கள். ஒரு பெண் காலை மாற்றி மாற்றிப் போட்டாள். இன்னொருத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று கண்ணை மூடிக்கொண்டாள். நர்ஸ் கதவைத் திறக்கும்போதெல்லாம், "எனக்கு முடியல சிஸ்டர்" என்று ஒருத்தி உள்ளே ஓடினாள்.

ஒட்டகம் மட்டும் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஒரு பாட்டிலைக் குடித்தாள். மருந்து குடிக்கிற முகத்தோடு இன்னொன்றையும் குடித்தாள்.

"வருதாடி?"

"இல்ல அண்ணி."

எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் உள்ளே போய்த் திரும்பி, கழிப்பறைக்கு ஓடி, முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டார்கள். இவள் அவர்களுக்கு வழிவிட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தாள், பஸ்ஸில் ஏற்றிவிடுகிறவள் மாதிரி.

"இப்போ?"

"வரலையே. நான் என்ன பண்ணட்டும்?"

நர்ஸ் சாப்பாட்டுக்குக் கிளம்ப எழுந்தாள். அதற்குமேல் எனக்குப் பொறுமை இல்லை. "வந்தாலும் சரி, வராட்டியும் சரி, உள்ள போ" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் படுக்க வைத்தேன். ஸ்கேன் எடுக்கிற பெண், முகம் பார்க்காமல் வயிற்றில் களிம்பைத் தடவிக் கருவியை வைத்தாள். வைத்தவள் அப்படியே நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னங்க இது, முட்ட முட்ட நிறைஞ்சிருக்கு! இவ்வளவு நிறைஞ்சா வேற ஒண்ணும் தெரியாது. வலிக்கலையா உங்களுக்கு?"

"இல்லையே" என்றாள் ஒட்டகம்.

"அவசரமா வரல?"

"வரலைங்க."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் திரையைப் பார்த்தேன். பெரிய கறுப்புக் குளம் மாதிரி ஒன்று முழுத் திரையையும் அடைத்துக்கொண்டிருந்தது. உள்ளே இவ்வளவு நிறைந்திருக்க, இவளுக்குத் தெரியவில்லை. வேண்டாம், வேண்டாம் என்று இவள் அடக்கி அடக்கி, உடம்பு இவளிடம் சொல்வதையே விட்டுவிட்டது. அதுவரை இருந்த கோபமெல்லாம் போய் எனக்கு அழுகை வந்தது. அழுகையை அடக்கப் போய் மறுபடியும் கோபம் வந்தது.

"போய்ப் பாதி விட்டுட்டு வாங்க. பாதிதான். முழுசாப் போயிட்டா மறுபடியும் குடிக்கணும்" என்றாள் அந்தப் பெண். பிறகு தானே, "பாதியில நிறுத்தறது கஷ்டம்தான், யாராலயும் முடியாது" என்று சலித்துக்கொண்டாள்.

ஒட்டகம் போனாள். சரியாகப் பாதியில் நிறுத்திவிட்டு வந்தாள். ஸ்கேன் பெண் வாயைப் பிளந்தாள்.

நாலைந்து நாள் கழித்து எல்லா முடிவுகளையும் மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு டாக்டரம்மா சொன்னார். "பி.சி.ஓ.எஸ். பாலிசிஸ்டிக் ஓவரி சிண்ட்ரோம்."

"திருப்பிச் சொல்லுங்க டாக்டர்" என்றாள் ஒட்டகம். பிரயாணி சொன்ன ஊர்ப் பெயரைச் சரிபார்த்துக்கொள்கிற அதே குரல்.

அவர் மறுபடியும் சொன்னார். என் மாமியார், "கட்டியா?" என்று பதறினார்.

"நீர்க்கட்டின்னு சொல்லுவாங்க. ஆனா பயப்படற மாதிரி கட்டி இல்லம்மா. மாசாமாசம் ஒரு கருமுட்டை வளர்ந்து வெளியே வரணும். இவங்களுக்குப் பல முட்டை வளர ஆரம்பிச்சு, பாதியிலயே நின்னு போகுது. ஸ்கேன்ல அதுதான் வரிசையாத் தெரியுது."

"டெப்போவை விட்டுக் கிளம்பி வாசல்லயே எல்லா வண்டியும் பிரேக்டவுன்" என்றாள் ஒட்டகம்.

டாக்டரம்மா முதல் தடவையாகச் சிரித்தார். "அப்படியே வச்சுக்கங்க. மாதவிலக்கு ஒழுங்கா வராதது ஒண்ணு, ஆண்களுக்கு அதிகமா இருக்கிற ஹார்மோன் கூடியிருக்கிறது ஒண்ணு, ஸ்கேன்ல இப்படித் தெரியறது ஒண்ணு. தைராய்டு மாதிரி வேற காரணம் இல்லாம, இந்த மூணுல ரெண்டு இருந்தாலே பேர் வச்சுடலாம். உங்களுக்கு மூணுமே இருக்கு."

"முழு மார்க் அண்ணி" என்று என் பக்கம் திரும்பினாள்.

"சர்க்கரையும் எல்லைக்கோட்டுல நிக்குது. இதை அடியோட போக்க மருந்து இல்ல, ஆனா கட்டுக்குள்ள வைக்கலாம். முக்கியமா ஒண்ணு. வராம இருக்கிறதை வரம்னு நினைக்காதீங்க. உள்ளே சவ்வு படிஞ்சுகிட்டே இருக்கும். வருஷக்கணக்கா விட்டா கர்ப்பப்பைக்கே ஆபத்து. நான் தர்ற மாத்திரையை முறையாச் சாப்பிடுங்க, நேரத்துக்குச் சாப்பிடுங்க, தினமும் நடங்க."

"நான் தண்ணி குடிக்காததாலயா இது வந்தது?"

"இல்ல. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. ஆனா நீங்க அடக்கற அடக்குக்கு அடுத்தது கிட்னிதான். இனிமே தண்ணி குடிச்சே ஆகணும்."

வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தவள், கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நோய்க்காக இல்லை என்று எனக்குத் தெரியும்.

"எத்தனை வருஷமாப் பெருமைப்பட்டுக்கிட்டு இருந்தேன் அண்ணி. கொடுத்து வச்சவன்னு சொன்னாங்களே, நானும் நம்பினேனே. எனக்கு அறிவு எங்க போச்சு?"

என் மாமியார் அவள் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார். கல்யாணத்தைப் பற்றி அன்றைக்கு அவர் பேசவில்லை. அந்த மட்டுக்கு நல்லது.

பேர் கிடைத்துவிட்டதல்லவா, நானும் அவளோடு டெப்போவுக்குப் போனேன். கிளார்க் டாக்டர் எழுதியதைப் படித்தார். படித்துவிட்டு முகத்தைத் தூக்கி, "இதுவா? இது என் மகளுக்கே இருக்கு. என் மச்சினிச்சிக்கும் இருக்கு. ஊர்ல பாதிப் பொண்ணுங்களுக்கு இருக்கிறதுதானே? இதுக்குப் போயா இவ்வளவு அலைஞ்சீங்க?" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேர் இல்லை என்றால் பேரைக் கொண்டுவா என்கிறான். பேரைக் கொண்டுவந்தால் சாதாரணப் பேர் என்கிறான்.

"ஊர்ல எல்லாருக்கும்தான் சார் பசிக்குது. அதுக்காக நீங்க சாப்பிடாம இருக்கீங்களா? உங்க மகளை இந்தத் தடத்துல ஒரு வாரம் அனுப்புங்க, பார்க்கலாம்."

"நீங்க யாரும்மா?"

"அவ அண்ணி."

"பார்க்கலாம், பார்க்கலாம். இந்த மாசம் ஆள் பத்தாது" என்று காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டார். அடுத்த பட்டியலிலும் ஒட்டகத்துக்கு அதே வெளியூர் பஸ்.

"விடுங்க அண்ணி" என்றாள் அவள். எனக்கு அவளை அறையலாம் போலிருந்தது.

ஆனால் அதற்குப் பிறகு வீட்டில் அவள் டம்ளர் காலியாக ஆரம்பித்தது. ஒவ்வொரு வாயையும் விழுங்குவதற்கு முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தாள். ஜன்னலோரச் செடிக்கு நான் தனியாகத் தண்ணீர் மொள்ள வேண்டியிருந்தது.

ஒரு மாதம் போயிருக்கும். அந்தத் தடத்தின் கடைசியில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போக அவளுடைய பஸ்ஸிலேயே ஏறினேன். முன் சீட்டில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். வண்டி ஊரைத் தாண்டியதும், பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மடக் மடக்கென்று குடித்தாள்.

"என்னடி பண்றே? இன்னும் எவ்வளவு தூரம் இருக்கு!" என்றேன்.

அவள் பாட்டிலை மூடிப் பையில் போட்டுவிட்டு டிக்கெட் கொடுக்கப் போனாள். வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு என் காதருகே குனிந்தாள். கண்ணெல்லாம் விரிந்திருந்தது. தொலைந்த நகை கிடைத்தவள் மாதிரி இருந்தது முகம்.

"அண்ணி, எனக்கு வருது."

"என்ன வருது?"

"அவசரமா வருது. நிஜமாவே வருது அண்ணி!"

பெட்ரோல் பங்கு கண்ணில் பட்டதும் விசிலை எடுத்து ஒரே ஒரு தடவை ஊதினாள். வண்டி நின்றது. யாரும் எழுந்திருக்கவில்லை. டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "யாரும்மா இறங்கறது?" என்று கேட்டார்.

"நான்தான் அண்ணே. அஞ்சு நிமிஷம்."

டிரைவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு இன்ஜினை அணைத்தார்.

அவள் இறங்கி இரண்டடி வைத்ததும், பின் சீட்டிலிருந்து ஒரு அம்மா எழுந்து, "நானும் போயிட்டு வந்துடறேன்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே இறங்கினாள். அவள் பின்னால் கல்லூரிப் பை வைத்திருந்த ஒரு பெண். குழந்தையைப் பக்கத்துச் சீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு இன்னொருத்தி. பெண்கள் இருக்கை வரிசை ஒவ்வொன்றாகக் காலியாயிற்று. இத்தனை பேரும் இவ்வளவு நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் போலும். உண்மையைச் சொன்னால் எனக்கும் ஏறியதிலிருந்தே முட்டிக்கொண்டுதான் இருந்தது. நானும் எழுந்தேன்.

நான் படியில் கால் வைக்கும்போது, ஜன்னலோரத்தில் இருந்தவர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, "எவ்வளவு நேரம்ங்க நிறுத்துவீங்க? வண்டியை எடுங்க டிரைவர்" என்று சத்தம் போட்டார்.

டிரைவர் சாவகாசமாக ஸ்டியரிங்கின் மேல் கையை மடித்து வைத்துக்கொண்டார்.

"விசில் அவங்க கழுத்துல இருக்கு சார். அவங்க வந்து ஊதினாத்தான் வண்டி நகரும்."